டெல்பர்ட் என்கிற குட்டைக் குதிரை

இடுப்பெலும்பு மூன்று துண்டாக உடைந்து வெல்டா கிம்ப்ரல் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது வாரத்தில், டெல்பர்ட் ரஸ்க் ஒரே ஒரு தடவைதான் எட்டிப் பார்த்தான். பெட்ரோல் பங்கில் விற்கிற பூந்தொட்டி ஒன்றைக் கட்டிலருகே வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றான். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன் வெல்டா. உன் கை கனமாயிடுச்சு. அன்னிக்குக் கடிவாள வாரை இழுத்துட்ட. அதான் டல்சி விழுந்துடுச்சு."

வெல்டாவுக்கு வாயில் குழாய் இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. அவன் போன பிறகு, கால் அசையாத நிலையிலும் கையை நீட்டி அந்தத் தொட்டியைக் கீழே தள்ளி உடைத்தாள்.

பத்தொன்பது வருஷமாக அவள் டெல்பர்ட்டின் லாயத்துக்காகக் குதிரை ஏறியவள். ஓக்லஹோமாவின் அந்தச் செம்மண் பக்கத்தில் ரெயினிங் போட்டி என்றால், டெல்பர்ட் பழக்குவான், வெல்டா ஓட்டுவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. குதிரை பெரிய வட்டத்தில் பறக்கும், சின்ன வட்டத்தில் அடங்கி நடக்கும், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும், முழு வேகத்தில் ஓடிவந்து பின்னங்காலை மடக்கி முப்பது அடி சறுக்கி நிற்கும். இத்தனையும் கடிவாள வார் தொய்ந்து தொங்கியபடியே நடக்க வேண்டும். வாரை இழுக்காமல் குதிரையை இயக்குவதுதான் அந்த வித்தையே. அந்த ஊரில் ஒருத்தியைப் பார்த்து உன் கை கனம் என்று சொல்வது, சமையல்காரியைப் பார்த்து நீ குழம்பில் துப்பினாய் என்று சொல்வது மாதிரி.

வசந்தகாலப் போட்டியின் இறுதிச் சுற்றில், மூன்றாவது ஓட்டத்தில், டல்சி என்ற அந்தப் பெண் குதிரை சறுக்கி நிற்கப் போனபோது அதன் பின்னங்கால் ஒன்று தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாததுபோல் மடங்கியது. குதிரை பக்கவாட்டில் சாய்ந்து வெல்டாவின் மேல் புரண்டது. டல்சியால் எழுந்திருக்க முடியவில்லை. தார்ப்பாய் கட்டி மறைத்து அங்கேயே அதன் உயிரை முடித்தார்கள்.

லாடம் அடிக்கிற ஹாலிஸ் லெஃப்ளோர்தான் கடைசியாக அதன் லாடங்களைக் கழற்றினார். சாக்டா பழங்குடி இனத்துக்காரர், வயது அறுபதுக்கு மேல், பேச்சு குறைவு. இடது பின்னங்கால் மூட்டின் உள்பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு மயிர் மழித்திருந்ததையும், நடுவில் இரண்டு ஊசிப் புள்ளிகள் இருந்ததையும் அவர் பார்த்தார். வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கிற ஊசி. மரத்துப்போன காலோடு ஒரு குதிரையை முப்பது அடி சறுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். டெல்பர்ட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஹாலிஸ் வாயைத் திறந்தபோது டல்சி மண்ணுக்குள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ரெயினிங் சங்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் அந்தக் குதிரைக்கு எந்தக் காலத்திலும் ஊசி போட்டதில்லை, அதற்குக் காலில் ஒரு கோளாறும் கிடையாது என்று டெல்பர்ட் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். லாடக்காரர் பேச்சு ஒரு பக்கம், நாற்பது வருஷப் பேர் ஒரு பக்கம். விஷயம் மூடப்பட்டது.

டல்சியின் சொந்தக்காரர் ஓரின் டீக் என்ற கிழட்டுப் பண்ணைக்காரர், டெல்பர்ட் சொன்னதைத்தான் நம்பினார். வெல்டாவைச் சாலையில் பார்த்தால் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

வெல்டா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். இனி குதிரை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது அடுத்து வந்தது.

செப்டம்பரில் ஒரு நாள், நோவலீனின் தீவனக் கடைக்குப் போயிருந்தாள். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாலு பேரோடு டெல்பர்ட் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டான்.

"என்ன வெல்டா, சும்மா இருக்கக் கஷ்டமா இருக்கா? ஒரு குட்டைக் குதிரை வாங்கிக்க. இடுப்பு உயரம்தான். உன் மேல விழுந்தாலும் பூனை விழுந்த மாதிரி இருக்கும்."

நாலு பேரும் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த நோவலீன் மட்டும் சிரிக்கவில்லை.

"குட்டைக் குதிரையா?" என்றாள் வெல்டா.

"ஆமா. ரெயினிங்கூடச் சொல்லிக்குடு. உனக்கு என்ன, நேரம்தான் கிடக்கே."

"சரி" என்றாள் வெல்டா. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வெளியே போனாள். நோவலீன் பிறகு பலரிடம் சொன்னாள்: "அந்த 'சரி'யைக் கேட்டப்பவே எனக்கு முதுகு சில்லுன்னுச்சு. சிரிச்சானுங்க பாருங்க, அந்த மடப்பசங்க."

இரண்டு வாரத்தில் வெல்டா குதிரை வாங்கிவிட்டாள். வேறு ஊருக்குக் குடிபோகிற பல் டாக்டர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் நின்றிருந்தது. காயடித்த ஆண், நாலு வயது, முப்பத்தோரு அங்குலம். செம்பட்டை உடம்பு, கண்ணை மறைக்கிற வெளுத்த பிடரி. முதல் நாளே அவள் சட்டைப் பித்தானைக் கடித்து விழுங்கிவிட்டது.

குளம்பு சீவ வந்த ஹாலிஸ், குனிந்து குனிந்து பார்த்துக் கடைசியில் தரையில் உட்கார்ந்தே விட்டார்.

"இது பேரு என்ன, மிஸ் வெல்டா?"

"டெல்பர்ட்."

ஹாலிஸ் அரத்தைக் கீழே வைத்தார். "வேண்டாம்."

"வச்சாச்சு. இனிமே தினமும் காலையில எழுந்து, 'டெல்பர்ட், நில்லு! டெல்பர்ட், பின்னாடி போ!'ன்னு கத்தப் போறேன். எனக்கு மருந்து மாத்திரையை விட அது நல்லது."

"அவன் காதுக்குப் போகும்."

"இப்ப வேண்டாம். போகவேண்டிய நாள்ல போகட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க."

"நான் எப்ப வாயைத் திறந்தேன்?" என்றார் ஹாலிஸ். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் தன் மேலேயே விழுந்தது அவருக்கு உறைத்தது. டல்சி விஷயத்தில் பேசாமல் இருந்த அந்த ஒரு வாரத்தை அவர் மறக்கவில்லை. அதன் பிறகு அவள் கேட்டதற்கு எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

முப்பத்தோரு அங்குலக் குதிரையில் யார் ஏற முடியும்? கடிவாளத்தில் இரண்டு நீள வார்களைக் கட்டி, வளையத்தின் நடுவே ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தபடி வெல்டா பழக்கினாள். பெரிய குதிரைக்கு முதுகில் இருக்கிறவரின் தொடை பேசும், இருப்பு பேசும். இதற்கு அவளிடம் இருந்தது குரலும் கம்பும்தான். நாக்கைச் சொடுக்கினால் வேகம். மூச்சை விட்டால் நிதானம். முத்தம் கொடுப்பது மாதிரி உதட்டைக் குவித்துச் சத்தம் போட்டால் பாய்ச்சல்.

குட்டை டெல்பர்ட் சாமானியத்தில் வளையவில்லை. சுழலச் சொன்னால் பின்னங்காலை ஊன்றாமல் நாற்காலி நகர்வதுபோல் நகர்ந்தது. மனமில்லாத நாளில் படுத்துக்கொண்டது. ஒரு தடவை பீப்பாயைச் சுற்றி வாரைச் சுருட்டி, வெல்டாவைப் பீப்பாயோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டுப் புல் மேயப் போய்விட்டது. ஹாலிஸ் வந்து அவிழ்த்துவிடும்வரை அவள் அப்படியே உட்கார்ந்து, "டெல்பர்ட், நாயே, டெல்பர்ட்!" என்று திட்டிக்கொண்டிருந்தாள். திட்டத் திட்ட முகம் தெளிந்துகொண்டே வந்தது என்று ஹாலிஸ் சொல்வார்.

ஆனால் ஒரு நாளும் அடிக்கவில்லை. வாரை வெடுக்கென்று இழுக்கவில்லை. கை கனம் என்ற சொல் அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது. அதனால் முன்பு இருந்ததைவிடவும் கையை லேசாக்கினாள். 'ஹோ' என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். குதிரை தானாக யோசித்து நிற்கும் வரை காத்திருப்பாள். நின்றால் ஒரு கேரட் துண்டு. குளிர்காலம் முடிவதற்குள் அது குரலுக்கே நின்றது. வசந்தத்தில் பின்னங்காலை உள்ளே மடக்கத் தொடங்கியது. ஹாலிஸ் அதற்கென்று கைக்கடிகாரப் பட்டை அகலத்தில் வழவழப்பான நாலு லாடம் அடித்துக் கொடுத்தார். களத்தின் அடித்தரையை இறுக்கி, மேலே இரண்டு அங்குலம் மணல் பரப்பினார்கள். ஜூன் மாதம் முதல் தடவையாக அது பதினோரு அடி சறுக்கியது. சறுக்கி முடித்ததும், தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் திரும்பித் தன் கால்தடத்தையே முகர்ந்து பார்த்தது.

வெல்டா அன்று அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. டல்சியின் முதல் சறுக்கலும் இப்படித்தான் இருந்தது.

அதுவரை அவள் திட்டம் சின்னதுதான். ஊர்த் திருவிழாவில் இந்தக் குட்டையைக் கொண்டுபோய், டெல்பர்ட்டின் குதிரைகளைவிடச் சுத்தமாக ஓட்டிக் காட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால் அவனைச் சிரிப்புக்கு இடமாக்க வேண்டும். அவ்வளவுதான். ஆகஸ்டில் குதிரைக்கு வலது பின்னங்குளம்பில் சீழ் கட்டியது. அதன் பிறகு திட்டம் பெரிதானது.

ஹாலிஸ் குளம்பைச் சீவிச் சீழை வடித்து, மருந்துக் கட்டுப் போட்டார். பத்து நாள் குதிரை நொண்டியது. அந்தப் பத்து நாளும் வெல்டா அதை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். வேலை கிடையாது, வேளைக்கு ஒரு கேரட், ஆப்பிள். காயம் முழுக்க ஆறிய பிறகும் அது நொண்டியது. ஹாலிஸ் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், ஒன்றுமில்லை.

"நடிக்கிறான்" என்றார்.

"என்னது?"

"உங்களைப் பார்த்தா மட்டும் நொண்டுறான். அந்தப் பக்கம் தனியா நல்லாத்தான் துள்ளுறான். கேரட்டுக்காக நடிக்கிறான் இந்தக் கள்ளப்பய."

வெல்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுபோனாள். ஊன்றுகோலில் சாய்ந்தபடி, தன் எதிரே வலது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் குட்டைக் குதிரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஹாலிஸ், அந்தக் கேரட்டை எடுங்க."

மறுநாளிலிருந்து வேறு பாடம். அவள் தன் வலது தொடையைத் தொட்டால் குதிரை நொண்ட வேண்டும். கையை எடுத்தால் நேராக நடக்க வேண்டும். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. அடுத்தது விழுவது. வேலை முடிந்ததும் மணலில் படுத்துப் புரள்வது அதற்கு எப்போதுமே இஷ்டம். படுக்கிற நேரம் பார்த்து ஒவ்வொரு நாளும் ஊன்றுகோலைக் கீழே போட்டாள். ஒரு மாதத்தில், ஊன்றுகோல் விழுந்தால் தானும் விழ வேண்டும் என்று அது புரிந்துகொண்டது. ஒருக்களித்துப் படுத்து, கழுத்தை நீட்டி, அசையாமல் கிடக்கவும் பழகியது. முதல் தடவை அப்படிக் கிடந்தபோது ஹாலிஸ் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மிஸ் வெல்டா, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"டல்சிக்கு ஊசி போட்டது இடது கால்ல. இவன் நொண்டுறது வலது."

"தெரியும்."

"மாத்திச் சொல்லிக் கொடுக்கலாமே. நாளிருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் வெல்டா. "தப்பாவே இருக்கட்டும்."

ஹாலிஸ் தலையைச் சொறிந்தார். அவருக்குப் புரியவில்லை. டெல்பர்ட்டோடு பத்தொன்பது வருஷம் வேலை செய்தவள் அவள்தான். அவனுக்கு ஒரு வியாதி உண்டு. குதிரை விஷயத்தில் யாராவது தப்பாகப் பேசினால் அவனால் பொறுக்க முடியாது. சாப்பாட்டு மேசையில், கல்யாண வீட்டில், எங்கேயானாலும் பாய்ந்து திருத்துவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், பிரசங்கத்தின் நடுவே எழுந்து, கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் என்ன வித்தியாசம் என்று பாதிரியாருக்கே பாடம் எடுத்தவன்.

அந்த வருஷத் திருவிழாவில் டெல்பர்ட் ரஸ்க்குக்குப் பாராட்டு. குதிரைத் தொழிலில் நாற்பது வருஷம். விழாக் குழுவில் நோவலீன் இருந்தாள். மைக்கில் அறிவிப்புச் சொல்வதும் அவள்தான். பாராட்டுக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் 'குட்டைக் குதிரை வேடிக்கை, பதினைந்து நிமிடம்' என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்த்தாள். யார் என்று போடவில்லை.

சனிக்கிழமை மதியம். வெயில் மண்டையைப் பிளந்தது. மரப்படிகளில் எண்ணூறு பேர் வறுத்த வெண்டைக்காயும் ஐஸ் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். பந்தலடி மேடையில் புதுத் தொப்பியோடு டெல்பர்ட்; அவன் பக்கத்தில் அவன் குதிரைகளின் சொந்தக்காரர்கள் ஆறேழு பேர், அதில் ஓரின் டீக்கும் ஒருவர். டெல்பர்ட் கண் கலங்க நன்றி சொல்லி முடித்தான். குதிரைகள்தான் என் குடும்பம் என்றான். கைதட்டினார்கள். பரிசு கொடுக்க வேண்டுமே என்று மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வெல்டா வந்தாள். பின்னால் கயிறில்லாமல், கடிவாளமில்லாமல், அந்தக் குட்டை நடந்து வந்தது. ஜனங்களிடையே ஒரு முணுமுணுப்பு.

"இது நம்ம ஊரு வெல்டா கிம்ப்ரல்" என்றாள் நோவலீன் மைக்கில். "போன வருஷம் ஒருத்தர் அவளை ஒரு குட்டைக் குதிரை வாங்கி ரெயினிங் சொல்லிக் குடுன்னு கேலி பண்ணாரு. அவ கேலின்னு நினைக்கலை. வாங்கிட்டா. இவன் பேரு டெல்பர்ட்."

கூட்டம் ஒரு நொடி விழித்தது. அப்புறம் வெடித்துச் சிரித்தது. மேடையில் டெல்பர்ட்டும் சிரித்தான். தொப்பியைக் கழற்றி ஆட்டினான். பெருந்தன்மையாக இருக்க அவனுக்குத் தெரியும்.

"டெல்பர்ட், போ!" என்றாள் வெல்டா.

குதிரை போனது. அதற்குப் பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. அது வேடிக்கை இல்லை என்று முதலில் புரிந்துகொண்டவர்கள் வேலியில் சாய்ந்து நின்ற பழைய ரெயினிங்காரர்கள். பெரிய வட்டம் மூன்று, சின்ன வட்டம் ஒன்று, நடுவில் ஓட்டத்திலேயே கால் மாற்றம், துளிப் பிசகில்லை. "டெல்பர்ட், சுத்து!" உள்காலை ஊன்றி, முன்னங்கால் ஒன்றின்மேல் ஒன்று விழ, நாலு சுற்று, பிடரி குடையாக விரிந்தது. "டெல்பர்ட், ஹோ!" நட்ட கம்பம். "டெல்பர்ட், பின்னாடி!" பத்தடி நேர்க்கோட்டில் பின்னால் போனது. ஒவ்வொரு தடவை அவள் பெயர் சொல்லும்போதும் யாராவது ஒருவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். டெல்பர்ட்டின் சிரிப்பு முகத்தில் காய்ந்துபோயிருந்தது.

"கை லேசு இவளுக்கு" என்று வேலியோரம் ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார். "கையே இல்லைன்னுகூடச் சொல்லலாம்."

வெல்டா களத்தின் நடுவே வந்து நின்றாள். தன் வலது தொடையைத் தொட்டாள். குதிரை நொண்டத் தொடங்கியது.

ஐயோ என்றது கூட்டம்.

"பயப்படாதீங்க" என்றாள் நோவலீன். கையில் காகிதம் இருந்தது. "இப்ப டெல்பர்ட் ஒரு பெண் குதிரையா நடிக்கிறான். ஏழு வயசு. பேரு சொல்லலை. அதுக்கு வலது பின்னங்கால் மூட்டுல வலி. ஆனா மத்தியானம் இறுதிச் சுற்று."

வெல்டா பையிலிருந்து ஊசியில்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்து உயர்த்திக் காட்டினாள். கஷ்டப்பட்டுக் குனிந்து, குதிரையின் வலது பின்னங்கால் மூட்டில் வைத்தாள். நிமிர்ந்தாள். குதிரை நேராக நடந்தது.

எண்ணூறு பேரும் குதிரை வளர்க்கிறவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

உதட்டைக் குவித்துச் சத்தம் கொடுத்தாள். களத்தின் அந்தக் கோடியிலிருந்து குட்டை பறந்து வந்தது. "ஹோ!" பின்னங்கால் மடங்கியது, மணல் இரண்டு பக்கமும் சிதறியது, பதினைந்து அடி சறுக்கியது. வெல்டா ஊன்றுகோலைக் கைவிட்டாள். குதிரை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டிக் கிடந்தது. பிடியில்லாமல் நின்ற வெல்டாவின் உடம்பு லேசாக ஆடியது.

"வலது கால்ல போட்ட ஊசி" என்று படித்தாள் நோவலீன். "வலது கால் மரத்துப்போயிருந்துச்சு. அந்த வலது கால்தான் மடங்கி..."

"பொய்!"

ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. டெல்பர்ட் எழுந்து நின்றிருந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கையிலிருந்த மைக் அவன் வாயோடு சேர்ந்தே வந்தது.

"பொய்! அத்தனையும் பொய்! வலது கால்ல நான் கையே வைக்கலை! அதுக்கு வலி இருந்தது இடது மூட்டு, இடது! குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாம..."

அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினான். கொட்டகையில் கட்டியிருந்த ஒரு மாடு கத்தியது. மைக்கைத் தன் கையில் ஏதோ பூச்சி ஒட்டிக்கொண்டதைப் போல டெல்பர்ட் பார்த்தான்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஓரின் டீக் எழுந்தார். எண்பது வயது ஆள், எழுந்திருக்க நேரமாயிற்று.

"கால்ல ஒண்ணுமே இல்லைன்னு சத்தியம் பண்ணியே டெல்பர்ட்" என்றார். மைக் அதையும் எடுத்துக்கொண்டது. "எந்த இடது மூட்டு?"

"ஓரின், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"என் குதிரையை நீ கொன்னுட்டு, அந்தப் பொண்ணு கொன்னான்னு என்னை நம்ப வச்சியா? பதினேழு மாசமா அவ முகத்தைப் பார்க்காம ஜன்னலை ஏத்திக்கிட்டுப் போனேனேய்யா!"

வெல்டா நாக்கைச் சொடுக்கினாள். குட்டை எழுந்து, உடம்பை உதறி, அவள் பையில் மூக்கை நுழைத்தது. கேரட்டைக் கொடுத்துவிட்டு, ஹாலிஸ் ஓடிவந்து எடுத்துக் கொடுத்த ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். மேடையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது உண்மையில்லை. கதவருகே நின்று, ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து டெல்பர்ட்டின் லாயத்துக்குக் குதிரை ஏற்றும் வண்டிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் காலியாக வந்து குதிரையோடு திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது குதிரையில் ஆறுதான் மிச்சம்.

அதற்கடுத்த ஞாயிறு, தேவாலயம் விட்ட நேரத்தில், டெல்பர்ட் வெல்டாவின் வாசலுக்கு வந்தான். தொப்பி கையில் இருந்தது, ஆனால் சுழற்றவில்லை. பத்து வயது கூடியிருந்தான்.

"சங்கத்துல மறுபடியும் விசாரிக்கிறாங்களாம்" என்றான்.

"தெரியும். நான்தான் எழுதிப் போட்டேன்."

"வெல்டா, பத்தொன்பது வருஷம் ஒண்ணா இருந்தோம். நீ வரவேண்டாம். நீ வரலைன்னா கொஞ்சம் லேசா முடிஞ்சிடும்."

"வருவேன்."

"நான் மன்னிப்புக் கேட்டா?"

வெல்டா யோசித்தாள். "கேளு" என்றாள்.

அவன் கேட்டான். முறையாகவே கேட்டான். டல்சிக்காகக் கேட்டான், அவள் இடுப்புக்காகக் கேட்டான், கை கனம் என்று சொன்னதற்காகக் கேட்டான். கடைசியில் குரல் உடைந்து, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். வெல்டா முழுசாகக் கேட்டாள். உள்ளுக்குள் ஏதாவது இளகுகிறதா என்று தேடிப் பார்த்தாள். இளகவில்லை.

"கேட்டாச்சா?"

"ஆச்சு."

"சரி, கிளம்பு. வெயில் ஏறுது."

அன்று மாலை வெல்டாவின் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே நோவலீன் கேட்டாள்: "போதுமே, கண்ணு. அவன் ஆளே ஒடிஞ்சுட்டான். இன்னும் எதுக்கு உனக்கு?"

"டல்சி எழுந்திருக்கப் பார்த்துச்சு நோவலீன். முன்னங்கால் ரெண்டையும் ஊணி மூணு தடவை பார்த்துச்சு. நான் அது கீழ கிடந்துக்கிட்டே பார்த்தேன். அவன் வேலிக்கு வெளிய நின்னுக்கிட்டு, முதல்ல என்ன செஞ்சான் தெரியுமா? தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சிரிஞ்சு இருக்கா, வெளிய தெரியுதான்னு. அப்ப அது என்னன்னு எனக்குப் புரியலை. ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுதான் புரிஞ்சுது."

நோவலீன் அடுத்த தட்டை எடுத்துத் துலக்கத் தொடங்கினாள்.

விசாரணை டிசம்பரில் நடந்தது. மூன்று நாள். மூன்று நாளும் வெல்டா முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது அரை மணி நேரத்தில் சொல்லி முடித்தாள். மற்ற நேரமெல்லாம் பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் குடித்துக்கொண்டு டெல்பர்ட்டின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலிஸ் பேசினார். ஓரின் டீக் பேசினார். டெல்பர்ட்டிடம் வேலை பார்த்துவிட்டு விலகிப்போன இரண்டு பேர் டெக்ஸஸிலிருந்து வந்து, தாங்கள் கண்ட வேறு ஊசிகளைப் பற்றிச் சொன்னார்கள். அவர்களுக்கு யார் பேருந்துச் சீட்டு எடுத்து அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சங்கத் தலைவர் தீர்ப்பைப் படித்தார். ஆயுள் முழுவதும் எந்தக் களத்திலும் டெல்பர்ட் ரஸ்க் குதிரை இறக்கக் கூடாது, பழக்கக் கூடாது, நடுவராக உட்காரக் கூடாது. அவன் சுவரில் இருக்கிற பட்டங்கள் திரும்பப் பெறப்படும். டல்சியின் சாவுக்கும் வெல்டா கிம்ப்ரலின் காயத்துக்கும் அவனே பொறுப்பு. ஓட்டியவரின் கையில் எந்தக் குறையும் இல்லை.

டெல்பர்ட் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தலைவர் காகிதத்தை மடித்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கத்துக்காகக் கேட்டார்.

வெல்டா கையைத் தூக்கினாள்.

"எனக்குக் காது சரியாக் கேட்கலைங்க. இன்னொரு தடவை முழுசாப் படிங்க, தயவுசெஞ்சு."

அவள் காதில் எந்தக் கோளாறும் இல்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தலைவர் காகிதத்தைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாக மறுபடியும் படித்தார்.